வடதிசை மேடைகள் – 6: நாடாக நின்ற நடிகை

1869 மே 10. ஹெல்சிங்கி நகரின் ‘புதிய அரங்க’த்தில் அன்று திரை உயர்ந்தபோது மேடையில் விரிந்தது ஒரு விவிலியக் கதை. எரிகோ நகரத்து வரி வசூலிப்பவன் சகேயு, அவன் மகள் லேயா, தந்தை பார்த்துவைத்த மாப்பிள்ளை ஒருவன், அவள் மனம் விரும்பியவன் இன்னொருவன். ஒரே அங்கம் கொண்ட சிறிய நாடகம். எழுதியவர் அலெக்சிஸ் கிவி, கிராமத்துத் தையற்காரரின் மகன். நாடகத்தில் பெண் பாத்திரம் லேயா ஒன்றுதான். மற்றப் பாத்திரங்களில் தொழில்முறை சாராத ஆர்வலர்கள் நடித்தார்கள். லேயாவாக நின்றவர் மட்டும் தேர்ந்த நடிகை: ஹெட்விக் சார்லோட் ரா.

அவர் பின்லாந்துக்காரர் அல்லர். 1838இல் ஸ்வீடனில் பிறந்தவர். நடிகரான கணவர் ஃப்ரிதியோஃப் ராவுடன் 1866இல் ஹெல்சிங்கிக்கு வந்து, ஸ்வீடிஷ் மொழி நாடகங்களில் பேர் வாங்கியவர். பின்னிஷ் அவருக்கு முற்றிலும் அயல்மொழி. வசனங்களை வரிவரியாகக் கேட்டு, நாக்கைப் பழக்கி, நெட்டுருப் போட்டு வந்து பேசினார். அரங்கம் எழுந்து கொண்டாடியது. பின்னிஷ் மொழி நாடகத்தின் பிறந்தநாள் எது என்று கேட்டால் பின்லாந்து இன்றும் அந்த மே 10ஐத்தான் சொல்கிறது. ஒரு மொழியின் முதல் பெரிய மேடைக்குரலைத் தந்தவர் அந்த மொழியை வீட்டில் ஒருநாளும் பேசியிராத ஒரு பெண். இந்த இதழில் நாம் பார்க்கப்போகும் கதை முழுவதற்கும் இதுவே தொடக்கம்.

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் ஏன் அப்படி உணர்ச்சிவசப்பட்டார்கள் என்பது புரிய, நாட்டின் நிலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஸ்வீடனின் பகுதியாக இருந்த பின்லாந்து, 1809இல் ரஷ்யப் பேரரசின் கைக்கு மாறியது. ஜார் மன்னர் அதைத் தன்னாட்சி கொண்ட பெருங்கோமான் நாடாக வைத்துக்கொண்டார். ஆட்சியாளர் மாறினாலும் அலுவலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் ஸ்வீடிஷே தொடர்ந்தது. மக்களில் சுமார் 85 விழுக்காட்டினர் பின்னிஷ் பேசினார்கள். படித்தவர் வீட்டு வரவேற்பறையில் அந்த மொழி நுழையவில்லை. சமையற்கட்டிலும் வயலிலும் குதிரை லாயத்திலும் அது வாழ்ந்தது. எலியாஸ் லென்ரோட் வாய்மொழிப் பாடல்களிலிருந்து தொகுத்த ‘கலேவலா’ காவியம் 1835இல் வெளிவந்த பிறகு, படித்த இளைஞர்களுக்கு அந்த மொழி மீது பக்தியே பிறந்தது. 1863இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர், இருபது ஆண்டுகளுக்குள் பின்னிஷ் மொழிக்கு ஸ்வீடிஷுக்கு இணையான இடம் தர வேண்டும் என்று ஆணையிட்டார்.

பக்தி இருந்தது, ஆணையும் வந்துவிட்டது. ஆனால் படித்த கூட்டத்தின் முன்னே அந்த மொழி எப்படி ஒலிக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. பின்னிஷ் அப்போது வட்டாரத்துக்கு ஒரு விதமாகப் பேசப்பட்டது. காதலைச் சொல்ல, மன்னனாகக் கட்டளையிட, தத்துவம் பேச ஒரு பொதுவான பேச்சுநடை இல்லை. குறிலும் நெடிலும் மாறினால் பொருளே மாறும் மொழி அது. இரட்டித்து வரும் ஒற்றைச் சரியாக ஒலிக்காவிட்டால் கேட்பவர் சிரித்துவிடுவார். ‘புதிய அரங்க’த்தில் கேட்ட ஸ்வீடிஷ்கூட உள்ளூர் ஸ்வீடிஷ் அன்று. நடிகர்கள் பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள் என்பதால் ஸ்டாக்ஹோமின் உச்சரிப்பே அங்கே ஆண்டது. இந்த நிலையில் அழகான உடையில், பண்பட்ட குரலில், நாடக நாயகியாக ஒரு பெண் பின்னிஷ் பேசியது ஒரு பெரிய ஐயத்துக்கு விடையானது. இந்த மொழியால் முடியும் என்று ஆயிரம் கட்டுரைகள் நிறுவ முடியாததை ஒரு மாலைப்பொழுது நிறுவியது.

அந்த லேயாவை மேடையேற்றியவர் கார்லோ பெர்க்போம். 1843இல் வீப்புரியில் பிறந்தவர், ஜெர்மன் வரலாற்று நாடகங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய வீட்டு மொழியும் ஸ்வீடிஷ்தான். மூன்றாண்டுகள் கழித்து, 1872 அக்டோபர் 13 அன்று, மேற்குக் கடற்கரை ஊரான போரியில், ஒத்தவா என்ற விடுதியில் அவருடைய ‘பின்னிஷ் நாடகக் குழு’ தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. தலைநகரை விட்டு ஒரு துறைமுக ஊரில் தொடங்கியதில் பொருள் இருந்தது. குழுவுக்குச் சொந்தக் கூரை இல்லை. ஊர் ஊராகப் போவதே அதன் வாழ்க்கை. துர்க்கு, வீப்புரி, ஔலு, குவோப்பியோ, யுவாஸ்கிலா என்று கோடையில் படகிலும் பனிக்காலத்தில் சறுக்குவண்டியிலும் சாமான்களை ஏற்றிக்கொண்டு திரிந்தார்கள். ஹெல்சிங்கியில் அவர்களுக்குக் கிடைத்தது ஆர்காதியா என்ற பழைய மரக்கட்டடம்.

கார்லோவைச் சொல்லும்போது அவர் அக்கா எமிலியைச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம். தம்பியைவிட ஒன்பது வயது மூத்தவர், திருமணம் செய்துகொள்ளாதவர். கணக்கு, கடிதப் போக்குவரத்து, உடை, நடிகர் தேர்வு எல்லாம் அவர் கையில் இருந்தன. இளம் நடிகைகளுக்கு அவர் தாயாகவும் ஆசிரியையாகவும் கண்காணிப்பாளராகவும் இருந்தார். எப்படி உட்கார வேண்டும், எப்படிக் கடிதம் எழுத வேண்டும், எந்த வீட்டு விருந்துக்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்பது வரை அவர் சொல்வார். இன்று படித்தால் மூச்சு முட்டும் அளவுக்குக் கண்டிப்பு. அதற்குக் காரணம் இருந்தது. நடிகை என்றால் ஒழுக்கம் கெட்டவள் என்று ஐரோப்பா முழுவதும் நம்பிய காலம். நல்ல குடும்பத்துப் பெண்களைப் பெற்றோர் மேடைக்கு அனுப்பவில்லை. குழுவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் எளிய வீட்டுப் பெண்கள். அந்தப் பெண்கள்தான் தேசத்தின் தூய்மையையும் பெருமையையும் மேடையில் காட்ட வேண்டியிருந்தது. ஒரு நடிகையின் சொந்த வாழ்க்கையில் ஒரு சிறு கறை பட்டாலும், மொழி இயக்கத்தின் எதிரிகள் அதைக் கையில் எடுத்துக்கொள்வார்கள் என்று எமிலிக்குத் தெரியும்.

ஆண் நடிகருக்கு இந்தச் சுமை இல்லை. அவர் குடித்தால் அது அவருடைய குடி. நடிகை தவறினால் தேசம் தவறியது என்றார்கள். நாடக வரலாற்றாய்வாளர் ஹன்னா சூதெலா இந்தக் குழுவின் நடிகைகளைப் பற்றி 2005இல் ஒரு முழு நூலே எழுதினார். பெர்க்போம்களின் சாதனையாகவே நெடுங்காலம் எழுதப்பட்ட ஒரு வரலாற்றை நடிகைகளின் பக்கமிருந்து பார்த்த நூல் அது. தாமதமாக வந்தாலும் வந்தே தீர வேண்டிய நூல்.

1874இல் குழுவில் சேர்ந்தாள் ஒரு பதினாறு வயதுப் பெண். பெயர் இடா ஆல்பெர்க். 1857 டிசம்பர் 4இல் யனக்கலா என்ற ஊரில், ரயில் பாதையைப் பராமரிக்கும் மேற்பார்வையாளரின் மகளாகப் பிறந்தவள். ஹெல்சிங்கியிலிருந்து ஹமேன்லின்னா வரை போன நாட்டின் முதல் ரயில் பாதை அது, 1862இல் திறந்தது. நாட்டின் புதிய யுகமே அந்தத் தண்டவாளத்தில்தான் வந்தது. நாட்டின் முதல் பெரும் நடிகையும் அதன் ஓரத்திலேயே வளர்ந்தாள் என்பது நல்ல பொருத்தம்.

1877இல் அவளுக்குத் திருப்பம் வந்தது. ஹங்கேரிய எழுத்தாளர் எதெ தோத்தின் கிராமிய நாடகத்தில் போரிஷ்கா என்ற பெண்ணாக நடித்தாள். ஹங்கேரிய மொழியும் பின்னிஷும் தூரத்து உறவுமொழிகள் என்பதால் அந்த நாட்டு நாடகத்துக்கு ஹெல்சிங்கியில் தனி மரியாதை. ஆனால் மக்கள் பேசியது போரிஷ்காவைப் பற்றித்தான். இவள் பாடமாகப் படித்ததை ஒப்பிக்கவில்லை, வாழ்கிறாள் என்றார்கள். பெர்க்போம்கள் அவளை 1878இல் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். டிரெஸ்டனில் புகழ்பெற்ற நடிகை மாரி சீபாக்கிடம் அவள் பயின்றாள். எளிய வீட்டில் பிறந்து, பின்னிஷ் மேடையில் வளர்ந்த ஒருத்தி, ஐரோப்பாவின் உயர்ந்த நாடகப் பள்ளியைத் தொட்டுத் திரும்புகிறாள். மொழிப் பற்றாளர்களுக்கு அவள் அந்தக் கணமே ஒரு நடிகை என்பதைத் தாண்டிவிட்டாள்.

அடுத்து வந்தது நோரா. இப்சனின் ‘பொம்மை வீடு’ அச்சில் வெளிவந்தது 1879 டிசம்பர் 4, இடாவின் இருபத்திரண்டாம் பிறந்தநாள். அம்மாதமே கோபன்ஹேகனில் மேடையேறியது; ஜனவரியில் ஸ்டாக்ஹோம், கிறிஸ்தியானியா. பிப்ரவரி 1880இல் ஹெல்சிங்கி, பின்னிஷ் மொழியில். சில ஆண்டுகளுக்கு முன்புவரை காதல் வசனம் பேசவே தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட மொழி, ஐரோப்பாவின் மிகப் புதிய, மிகச் சூடான நாடகத்தை மூன்று மாதங்களுக்குள் பேசியது. நோராவாக நின்றவர் இடா.

மொழிக்கு இது வெற்றி. ஆனால் அந்த வெற்றியின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். தேசத்தின் மகள் என்று கொண்டாடப்பட்டவள், கணவனையும் குழந்தைகளையும் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறும் பெண்ணாக மேடையில் நிற்கிறாள். ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன் ராபெ, பெற்ற பிள்ளைகளை விட்டுப்போக நான் ஒப்பமாட்டேன் என்று மறுத்ததால், இப்சன் வேண்டாவெறுப்பாக வேறொரு முடிவை எழுதிக்கொடுக்க வேண்டிவந்தது. அந்த அளவுக்குக் கொதிப்பை ஏற்படுத்திய பாத்திரம் அது. தேசிய இயக்கத்தின் மூத்தவர்களுக்குத் தேவைப்பட்டது பொறுமையும் தூய்மையும் தியாகமும் கொண்ட ஒரு கன்னி. அவர்களுடைய மேடை அவர்களுக்குக் கொடுத்தது கேள்வி கேட்கும் பெண்ணை. இரண்டும் ஒரே நடிகையின் உடலில் இருந்தன. அடுத்த ஆண்டு அவர் ஷேக்ஸ்பியரின் ஜூலியத்தாக நடித்தார். பாவோ கயாண்டர் என்ற கவிஞர் ஷேக்ஸ்பியரை ஒவ்வொரு நாடகமாகப் பின்னிஷில் தந்துகொண்டிருந்த காலம் அது.

கேள்வியை இன்னும் கூர்மையாக்கியவர் மின்னா கான்த். 1844இல் தம்பேரேயில் பிறந்தவர், ஏழு குழந்தைகளின் தாய், 1879இல் விதவையானவர், பிறகு குவோப்பியோவில் கடை நடத்திக்கொண்டே எழுதியவர். யுவாஸ்கிலாவுக்கு வந்த பெர்க்போமின் குழுவைப் பார்த்ததுதான் அவரை நாடகம் எழுதத் தூண்டியது. 1885 ஜனவரியில் மேடையேறிய ‘தொழிலாளியின் மனைவி’யில் இரண்டு பெண்கள். ஜொஹன்னா சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைத் திருமணமான கையோடு கணவன் ரிஸ்தோ குடித்தே அழிக்கிறான். அன்றைய சட்டப்படி மனைவியின் பணம் கணவனுடையது. இன்னொருத்தி ஹொம்சன்டூ, அவன் ஏமாற்றிவிட்டுப் போன ரோமா இனப் பெண். ஊரே ஒதுக்கிய அந்தப் பெண் கடைசியில் ரிஸ்தோவின் மீது துப்பாக்கியைத் திருப்புகிறாள். அவளைப் பிடித்துச் செல்லும்போது, தான் உண்மையில் சுட நினைத்தது இவர்களுடைய சட்டத்தையும் நீதியையும்தான் என்கிறாள்.

ஹொம்சன்டூவை இடாவை மனதில் வைத்தே கான்த் எழுதினார், இடாவே நடித்தார். கன்னித் தேசத்தின் வடிவம் என்று ஊர் மெச்சிய பெண், ஊருக்கு வெளியே துரத்தப்பட்ட பெண்ணின் வாயிலிருந்து தேசத்தின் சட்டத்தைக் குற்றம்சாட்டினார். செய்தித்தாள்களில் கடும் வாக்குவாதம் நடந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1889இல், கணவன் மனைவி சொத்துரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, மனைவியின் சம்பாத்தியம் மனைவியின் கையில் இருக்க வழி பிறந்தது. ஒரு நாடகம் சட்டத்தை மாற்றியது என்று சொல்வது மிகை. திருத்தத்துக்கான குரல்கள் முன்பே எழுந்திருந்தன. ஆனால் ஜொஹன்னாவையும் ஹொம்சன்டூவையும் பார்த்தவர்கள் பழைய சட்டத்தைப் பழைய மனதோடு படித்திருக்க முடியாது. தேசிய அரங்கு தன் நாட்டுக்குச் செய்த மிகப் பெரிய பணி கலேவலாக் காட்சிகளைப் போட்டது அல்ல, இதுதான் என்பது இந்தத் தொடரை எழுதுபவரின் உறுதியான எண்ணம்.

எல்லாரும் அப்படி நினைக்கவில்லை. கான்த்தின் ‘கொடுவிதியின் பிள்ளைகள்’ 1888இல் ஒரே ஒரு முறை மேடையேறியதும், அரங்கின் நிர்வாகக் குழுவே அதை நிறுத்திவிட்டது. தேசத்தின் மேடை என்றால் தேசத்தின் ஏழைகளுக்கு எவ்வளவு இடம் என்ற கணக்கு அன்று வெளிப்பட்டது.

இடாவின் சொந்த வாழ்க்கையையும் தேசம் தன் சொத்தாகவே பார்த்தது. 1887இல் அவர் லௌரி கிவேகாஸை மணந்தார். கவிஞர் ஒருவரின் மகனான லௌரி ஒரு வழக்கறிஞர். ஸ்டென்பெக் என்ற ஸ்வீடிஷ் குடும்பப் பெயரைத் துறந்து பின்னிஷ் பெயர் சூடிய தீவிர மொழிப் போராளி. மொழிப் பற்றாளருக்கு இது தேசத்தின் திருமணம். 1893இல் லௌரி காலமானார். அடுத்த ஆண்டே இடா ரஷ்யத் தலைநகரில் வாழ்ந்த பால்டிக் ஜெர்மன் பிரபு, பாரன் அலெக்சாந்தர் யுக்ஸ்குல் கில்லன்பாண்டை மணந்து புனித பீட்டர்ஸ்பர்க்கில் குடியேறினார். நம்முடைய இடா எப்படிப் பேரரசின் தலைநகருக்குப் போகலாம் என்று பலருக்கு உறுத்தியது. அதற்கு முன்பே அவர் ஸ்காண்டிநேவிய மேடைகளில் ஸ்வீடிஷில் நடித்துக்கொண்டிருந்தார். அங்கே கிடைத்த கைதட்டலைப் பின்லாந்து தன் கைதட்டலாக எண்ணிப் பெருமைப்பட்டது, அதே நேரம் அவர் தாய்மேடைக்கு விருந்தாளியாக மட்டும் வந்துபோவதைக் குறையாகவும் சொன்னது. ஒரு பெரும் கலைஞர் பெரிய மேடையைத் தேடிப் போவது இயல்பு. மொழிக்குக் கிடைத்த ஒரே மகள் என்று ஒருத்தியை ஆக்கிவிட்ட பிறகு அந்த இயல்புகூட அவருக்கு அனுமதிக்கப்படவில்லை.

இதற்கிடையே அரசியல் இருண்டது. 1899 பிப்ரவரியில் ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் வெளியிட்ட அறிக்கை பின்லாந்தின் தன்னாட்சியை வெட்டியது. அதே ஆண்டில் எத்து இஸ்தோ ஓர் ஓவியம் தீட்டினார்: கடற்கரையில் வெள்ளை உடையில் ஓர் இளம்பெண், அவள் கையிலுள்ள சட்டப்புத்தகத்தைப் பிய்த்தெறியும் இரட்டைத்தலைக் கழுகு. கழுகு ரஷ்யா, பெண் பின்லாந்து. அந்த ஓவியத்தின் நகல்கள் இரகசியமாகக் கைமாறி வீடு வீடாகப் போயின. நாட்டைப் பெண்ணாக உருவகிப்பது ஓவியருக்கு எளிதில் கைகூடியதில் வியப்பில்லை. முப்பது ஆண்டுகளாக மக்கள் மேடையில் உயிருள்ள பெண்களின் முகத்தில்தான் தங்கள் நாட்டைப் பார்த்துப் பழகியிருந்தார்கள்.

1902 ஏப்ரல் 9 அன்று ஹெல்சிங்கி ரயில் நிலையச் சதுக்கத்தில், ஒன்னி தர்யன்னே வடிவமைத்த கருங்கல் முகப்புக் கட்டடம் திறக்கப்பட்டது. குழு அன்றிலிருந்து ‘பின்லாந்து தேசிய அரங்கு’ ஆனது. தன்னாட்சியை ஒடுக்க வந்த கவர்னர் ஜெனரல் பொப்ரிகோஃப் அதே நகரத்தில் ஆட்சி செய்துகொண்டிருந்த நாட்கள் அவை. மரக்கட்டடத்தில் முப்பதாண்டு தவித்த கலைஞர்களுக்குக் கல் வீடு கிடைத்ததில் எத்தனை நடிகைகளின் குளிரும் பசியும் அடங்கியிருக்கிறது என்பதை அந்தக் கல் சொல்லாது. எமிலி 1905இலும் கார்லோ 1906இலும் காலமானார்கள்.

புதிய தலைமுறை நடிகைகளுக்குப் பழைய தூய்மை வேடம் பொருந்தவில்லை. எல்லி தொம்பூரி 1905இல் ஆஸ்கார் வைல்டின் ‘சலோமே’யாக ஆடி ஊரை அதிரவைத்தார், 1913இல் ஆண் வேடமிட்டு ஹாம்லெட்டாகவே நடித்தார். இடையில் 1906இல் ஐரோப்பாவிலேயே முதலாவதாக பின்லாந்துப் பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் 19 பெண்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். நாட்டின் பெயரால் பேச அதுவரை பெண்ணுக்கு இருந்த பெரிய பொதுமேடை நாடக மேடைதான். இப்போது இன்னொன்றும் திறந்தது.

இடா ஆல்பெர்க் 1915 ஜனவரி 17 அன்று, பெயர் மாறிப் பெத்ரோகிராத் ஆகிவிட்ட அந்தத் தலைநகரத்தில், ஐம்பத்தேழு வயதில் காலமானார். உடலை ஹெல்சிங்கிக்குக் கொண்டுவந்தார்கள். போர்க்காலம், அயலாட்சி, சுதந்திரம் இன்னும் மூன்றாண்டு தூரத்தில். ஹியத்தானியெமி கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தபோது, அவர் ஏன் போனார் என்ற பழைய மனத்தாங்கலை யாரும் பேசவில்லை. அரசு இல்லாத நாடு தன் மகளுக்கு அரச மரியாதைக்கு நிகரானதைச் செய்து அனுப்பியது.

பின்னாளில் பின்லாந்து மேடையின் மிகவும் பேர்பெற்ற பெண் பாத்திரத்தைத் தந்தவர் ஹெல்லா வுவோலியோகி. 1936இல் ஹெல்சிங்கி மக்கள் அரங்கில், ஆண் புனைபெயரில் அவர் எழுதி மேடையேறிய ‘நிஸ்கவூரிப் பெண்கள்’ நாடகத்தில், பெரும் பண்ணை ஒன்றைத் தன் சொல்லால் ஆளும் முதிய லொவீசா வருகிறாள். வெள்ளுடைக் கன்னி போய், நிலத்தையும் குடும்பத்தையும் கையில் வைத்திருக்கும் கிழவி நாட்டின் முகமாக வந்தாள். வுவோலியோகி எஸ்தோனியாவில் பிறந்தவர். முதல் லேயாவுக்குக் குரல் தந்தவர் ஸ்வீடன்காரர். குழுவைக் கட்டிய பெர்க்போம்கள் ஸ்வீடிஷ் பேசிய வீட்டுப் பிள்ளைகள். பின்னிஷ் அடையாளம் இரத்தத்தில் வருவது என்று அன்று முழங்கியவர்களுக்கு அந்த நாட்டு மேடையின் வரலாறே மறுப்பு. வேறு மொழியில் பிறந்தவர்கள் விரும்பிக் கற்று, உழைத்துக் கொடுத்த அடையாளம் அது.

ஹெட்விக் ராவும் இந்தக் கதையிலிருந்து மறைந்துவிடவில்லை. 1883 ஆகஸ்டில் ஸ்வீடனின் ஹெல்சிங்போரியில், ஸ்காண்டிநேவியாவின் பெரிய அரங்கங்கள் தொடத் துணியாத இப்சனின் ‘ஆவிகள்’ நாடகத்தில் திருமதி ஆல்விங்காக நடித்தவர் அவரே. துணிச்சலான பாத்திரங்களை ஏற்கும் வழக்கம் அவருக்கு ஹெல்சிங்கியிலிருந்தே இருந்தது.

பெர்க்போமின் குழுவுக்கு 1873 முதல் 1879 வரை ஓர் ஓபராப் பிரிவும் இருந்தது. அதில் பாடிய எம்மி அக்தேயின் மகள் ஐனோ அக்தே 1897இல் பாரிஸ் ஓபரா மேடையில் அறிமுகமாகி, 1912இல் ஓலவின்லின்னா என்ற பழைய கோட்டைக்குள் ஓபரா விழா தொடங்கியது எப்படி என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)